சும்மா இருக்கிற சத்தம்

சும்மா இருக்க வேண்டுமாம். பேசக் கூடாது, அசையக் கூடாது, நாற்காலி முனகக் கூடாது, முடிந்தால் மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டுமாம். "பேட்டி முடிஞ்சிருச்சு ஆண்டி. இப்ப ரூம் சத்தம் மட்டும் எடுக்கணும். எல்லாரும் கொஞ்ச நேரம் அப்படியே ஒக்காந்திருந்தா போதும்," என்றான் லோகேந்திரன். தாடிக்காரன், சத்தம் பிடிக்கிறவன், காலையிலிருந்து காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமல் என் வீட்டுக்குள் உலாத்திக்கொண்டிருப்பவன். யாரும் பேசாத அறையில் என்னப்பா சத்தம் என்று கேட்டேன். "இருக்கு ஆண்டி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சத்தம் இருக்கு. நீங்க பேசினத அங்க இங்க வெட்டி ஒட்டுவோம்ல, ஒட்டின எடம் காதுல படாம இருக்க இந்தச் சத்தத்தப் போட்டு மூடிருவோம்." கறிக்கடைக்காரர் எலும்போடவா எலும்பு இல்லாமலா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு மைக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டான். நானும் தலையாட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. வெட்டி ஒட்டுவோம்ல. என் வீட்டுச் சத்தத்தை எடுத்தே என் வாயை மூடப் போகிறார்கள், அதற்கு நானே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். காற்றாடியை நிறுத்திவிட்டார்கள். குளிர்பெட்டியின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள், உள்ளே காலையில் வாங்கிய மீன் இருக்கிறது. விளக்கு முகத்தில் அடிக்கிறது, முதுகில் வியர்வை இறங்குகிறது, அதைத் துடைக்கவும் கூடாது. வெளியே எங்கள் தாமான் குடியிருப்புத் தெருவில் ரொட்டிக்காரனின் மோட்டார் போகிறது, அது பரவாயில்லையாம், நான் இருமினால்தான் தப்பாம்.

காமிராவுக்குப் பின்னால் துர்காஷினி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். படம் எடுக்கிறவள் அவள்தான். பூசையில் நற்கருணை வாங்கிவிட்டு வந்த பிள்ளை மாதிரி முகம். அந்த முகத்தைத்தான் நான் நம்பவில்லை. கோலாலம்பூரிலிருந்து இந்த பட்டர்வொர்த்துக்கு, பேர் தெரியாத ஒரு கிழவியைத் தேடி, இந்த வெயிலில் எவள் வருவாள்? போனில் எவ்வளவு இனிப்பாகப் பேசினாள். "ஆண்டி, ஒங்களப் பத்தி ஒரு படம் எடுக்கணும். நம்ம நாட்டுல ரெகே மியூசிக் வாசிச்ச முதல் பொம்பள நீங்கதான்னு சொல்றாங்க." யார் சொல்கிறார்கள்? கேட்டேன். "நெறைய பேரு சொல்றாங்க ஆண்டி." நிறைய பேராவது ஒண்ணாவது. தெரிந்தவர்களே மூன்று பேர். நான், டிரம்ஸ் அடித்த சூசை, பாட்டுப் பாடிய ரேமண்ட். சூசை ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய் ரொம்ப வருஷமாகிறது, கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட வருவதில்லை. ரேமண்ட் போன வருஷம் செத்துப்போனார். செத்தவர் வந்து சொன்னாரா? அப்புறம் காலையில் பசியாறும்போது தோசையைப் பிய்த்துக்கொண்டே வாய் தவறிச் சொன்னாள், "பெனடிக்ட் அண்ணன் ரொம்ப ஒதவி பண்ணினாரு ஆண்டி, போட்டோவெல்லாம் அவருதான் கொடுத்தாரு." பெனடிக்ட் ரேமண்டின் மகன். அப்பாவுக்கு சிலை வைக்காத குறையாகத் திரிகிறவன். அவன் எதற்கு என்னைப் பற்றிய படத்துக்கு உதவி பண்ண வேண்டும்? தோசை அவளுக்கு உள்ளே இறங்கியது, எனக்கு இறங்கவில்லை. இது என்னைப் பற்றிய படமே இல்லை. ரேமண்டைப் பற்றிய படம். அதில் நான் ஓர் ஓரத்தில் வந்து கண்ணைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும்.

எனக்கு அந்த அனுபவம் இருக்கிறது. ரேமண்டுக்கு விருது கொடுத்த வருஷம் ஒரு டிவிக்காரக் கூட்டம் வந்தது. இதே கூடம், இதே நாற்காலி. அன்றைக்கு எனக்கு ஆசை வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், பேராசை. நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு, கேசரி கிண்டி வைத்துக்கொண்டு, மத்தியானம் முழுக்கப் பேசினேன். ரேமண்ட் நடத்திய சன்டே ஷோர் பேண்டில் நான் எப்படிச் சேர்ந்தேன், பத்து ஃபெரிங்கி என்ற ஊரின் கடற்கரை ஓட்டலில் எங்கே உட்கார்ந்து வாசித்தேன், எந்தப் பாட்டில் எந்த விரலால் எந்தத் தந்தியை இழுத்தேன், எல்லாம். அவர்களும் அப்படியா அப்படியா என்று கேசரியைத் தின்றார்கள். டிவியில் வந்தபோது பக்கத்து வீட்டு வசந்தியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பார்த்தேன். "ரேமண்ட் அண்ணன் தங்கமான மனுஷன்" என்று ஒரு மூஞ்சி சொல்லிவிட்டுப் போனது. அவ்வளவுதான். அது என் மூஞ்சி. நான் சொன்னது, தங்கமான மனுஷன்தான், ஆனா. அந்த ஆனாவுக்குப் பிறகுதான் நான் மத்தியானம் முழுக்கப் பேசினேன். ஆனாவிலிருந்து வெட்டிவிட்டார்கள். மூஞ்சிக்குக் கீழே எழுத்து வேறு போட்டிருந்தார்கள்: ஞானப்பூ, ரசிகை. ரசிகை! வசந்தி அதைப் படித்துவிட்டு, "அக்கா, நீங்க அவரோட ரசிகையா? சொல்லவே இல்ல பாத்தீங்களா," என்றாள். ஆமா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகையில்லை, அவமானம். எரிந்தது. அப்போது இந்த லோகேந்திரன் மாதிரி ஒருவன் இருந்திருப்பான், அவனும் ரூம் சத்தம் எடுத்திருப்பான், நான்தான் கவனிக்காமல் கேசரித் தட்டை அடுக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

ரெகே என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சடைமுடியும் மூன்று கலர் தொப்பியும்தான். எனக்கு அது வயிற்றில் கேட்கிற சத்தம். மேலே கித்தார் சுருக் சுருக்கென்று குத்தும், கீழே பேஸ் கித்தார் அவசரமே இல்லாமல் நடந்து போகும். நான்கு தடித்த தந்திகள். பாடுகிறவனை எல்லாரும் பார்ப்பார்கள், பேஸ் வாசிக்கிறவரை யாரும் பார்க்க மாட்டார்கள், ஆனால் ஆடுகிறவன் கால் பேஸைத்தான் கேட்கும். எங்கள் பேண்டில் பேஸ் வாசித்த ஆள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட, மாதா கோவிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த என்னிடம் ரேமண்ட் வந்தார். அப்போது எனக்கு இருபதுகூட ஆகவில்லை. வா, வாசி, ஆனால் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாசி என்றார். "பொம்பளப் பிள்ள. ஓட்டல்ல நம்ம ஆளுங்க நாலு பேரு வருவான், பாத்துட்டுப் போயி ஒங்கம்மாகிட்ட சொல்வான். ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." என் நல்லதுக்கு. நான் எவ்வளவு நன்றியாக இருந்தேன் அதற்கு! பெட்டி ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி, அந்த இடுக்கில் ஒரு முக்காலி. அங்கிருந்து பார்த்தால் ரேமண்டின் முதுகும், அதற்கப்பால் ஆடுகிறவர்களின் கால்களும்தான் தெரியும். முகம் பார்த்ததே கிடையாது. படம் பிடிக்கிற அன்றைக்கு, எங்கள் இசைத்தட்டின் அட்டைக்காக, ரேமண்ட் என் கையிலிருந்து பேஸை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "சும்மா போஸுக்குத்தான் பூ." நானே வாரைச் சரி பண்ணிவிட்டேன். நானே. அதைப் பார்த்து பேஸ் வாசித்தவரும் அவரே என்று ஊர் நம்பியது. அந்தப் போட்டோவைத்தான் பெனடிக்ட் இந்தப் பெண்ணிடம் கொடுத்திருப்பான். வேறு போட்டோ ஏது? நான் உள்ள போட்டோ ஒன்றுகூடக் கிடையாது, குரோட்டன்ஸ் செடிதான் இருக்கும். என் கல்யாணத்தோடு ரேமண்ட் அந்த பேஸையும் திரும்ப வாங்கிக்கொண்டார், அது அவர் சொத்து, கேட்க முடியாது.

வியர்வை கண்ணுக்குள் போகிறது. இன்னும் எவ்வளவு நேரம்? லோகேந்திரனைப் பார்த்தால் அவன் என் மடியைப் பார்க்கிறான். நானும் குனிந்து பார்க்கிறேன், அடக் கடவுளே, என் விரல்கள் முழங்கால்மேல் வாசித்துக்கொண்டிருக்கின்றன. சேலைமேல் விரல் படுகிற சத்தம்கூட அந்த மைக்குக்குள் போகுமா? போகும் போலிருக்கிறது, அவன் புருவம் சுருங்குகிறது. கையை மடக்கிக்கொள்கிறேன். அவன் கேட்டுவிட்டானா? எந்தப் பாட்டு என்று தெரிந்துகொண்டானா? தெரியாமல் எப்படி இருக்கும். "கப்பல் வந்தாச்சு" தெரியாத ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது. இசைத்தட்டின் ஒரு பக்கம் ரேமண்ட் பாடியது. மறுபக்கம் அதே பாட்டு, பாட்டுக்காரன் குரலை எடுத்துவிட்டு வெறும் பேஸும் டிரம்ஸும். ரெகே பிறந்த ஜமைக்காவில் அப்படித்தான் போடுவார்கள், மேலே யார் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் பாடிக்கொள்ளட்டும் என்று. நாங்களும் போட்டோம். முன்பக்கத்தை எவரும் சீண்டவில்லை, பின்பக்கம்தான் ஓடியது. டிஸ்கோவில் ஓடியது, கல்யாணத்தில் ஓடியது, எவனெவனோ அதன்மேல் புதுப் பாட்டு பாடினான். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், டிவியில் சோப்புத் தூள் விளம்பரம், ஒருத்தி சட்டையை உதறுகிறாள், பின்னால் என் பேஸ். நான் வாசித்தது. கையிலிருந்த பனியனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர், "என்னா, அந்த சோப்பு வாங்கணுமா?" என்றார். அவருக்கும் நான் சொன்னதில்லை. கோவிலில் ஆர்கன் வாசித்த பிள்ளை என்று சொல்லித்தான் கட்டி வைத்தார்கள், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நல்ல மனிதர், போய்ச் சேர்ந்துவிட்டார், கடைசிவரைக்கும் அந்த சோப்பைத்தான் வாங்கி வந்தார்.

ஆனால் இந்தப் பெண் இன்றைக்கு ஒரு கேள்வி கேட்டாளே. அதுதான் இடிக்கிறது. எல்லாரும் கேட்கிற கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள், அந்தக் காலம் எப்படி இருந்துச்சு, பயமா இருந்துச்சா, அம்மா திட்டினாங்களா. நானும் பட்டும் படாமலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "ஆண்டி, கப்பல் வந்தாச்சுல பேஸ் ஒவ்வொரு தடவையும் தாளத்துல மொத தட்ட விட்டுட்டு ரெண்டாவதுலதான் ஆரம்பிக்குது. ஏன்?" என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை. ரேமண்டிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் அதற்கு ஒரு கதை வைத்திருந்தார், பேப்பரில்கூட வந்தது: அந்த இடத்தில் கடல் அலை உள்ளே வரட்டும் என்று காலியாக விட்டேன் என்று. அலையாம். படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. கோவில் ஆர்கனில் காலால் மிதிக்கிற கட்டைகள் ஒரு வரிசை உண்டு, கீழ்ச்சத்தம் அதில்தான் வரும். முதல் கட்டை, ச கட்டை, செத்துப்போயிருந்தது. மிதித்தால் டொக்கென்று மரச்சத்தம் வரும், சுரம் வராது. பங்குச் சாமியார் ரிப்பேர்காரரைக் கூப்பிடுகிறேன் கூப்பிடுகிறேன் என்பார், ரிப்பேர்காரர் வரவே இல்லை. கோவில் பாட்டுகளில் முதல் தட்டு பெரும்பாலும் ச-தான், அந்த இடத்தில் நான் காலைத் தூக்கிக்கொள்வேன், அடுத்த கட்டையில் வந்து இறங்குவேன். வருஷக்கணக்காக அப்படி வாசித்து வாசித்து, கைக்கு பேஸ் வந்தபோதும் முதல் தட்டில் விரல் தானாக விலகிக்கொண்டது. அலையும் இல்லை கடலும் இல்லை. செத்துப்போன ஒரு கட்டை. அதை அறிந்த கால் உலகத்தில் ஒன்றுதான், அது என் கால். அந்த இடத்தை விட்டு வாசிக்க வேறு யாருக்கும் காரணமே கிடையாது. இதைச் சொன்னால் அந்த பேஸ் யாருடையது என்று சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும். நான் என்ன சொன்னேன்? "அதெல்லாம் ரேமண்ட் அண்ணனத்தான் கேக்கணும்மா, எனக்கென்ன தெரியும்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன். பயம்தான், வேறென்ன. சொல்லிவிட்டால் அதையும் வெட்டி, அலைக் கதைக்குப் பக்கத்தில் ஒட்டி, பாட்டி ஏதோ உளறுகிறாள் என்று வைத்துவிடுவார்கள் என்ற பயம். பெனடிக்ட் சொல்லி அனுப்பித்தான் கேட்கிறாள், கிழவிக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது பார் என்று ஆழம் பார்க்கிறாள் என்ற சந்தேகம். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் அப்படிச் சொன்னதும் அவள் முகம் விழுந்ததே, அது நடிப்பா? அடுத்த கேள்வி கேட்காமல் தாளைப் புரட்டினாளே, அது ஏமாற்றமா, இல்லை வந்த காரியம் முடிந்தது என்ற நிம்மதியா? முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது, நான் கால்களைப் பார்த்து வாசித்தவள். அவள் காலைப் பார்க்கிறேன். செருப்பில்லாத பாதம், பெருவிரல் தரையில் மெல்லத் தட்டுகிறது. முதல் தட்டை விட்டுவிட்டுத் தட்டுகிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ? இல்லை, விட்டுத்தான் தட்டுகிறது. தட்டட்டுமே, தட்டினால் நம்பிவிட முடியுமா, சோப்பு விளம்பரம் பார்த்த எல்லாரும்தான் தட்டுவார்கள். ஆனால் ஒன்று. வெட்டுவார்கள் வெட்டுவார்கள் என்று இவ்வளவு நேரமாகப் பொருமுகிறேனே, இன்றைக்கு வெட்டுவதற்கு நான் என்ன கொடுத்தேன்? காலையிலிருந்து பேசியதில் என் பேஸைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? ரேமண்ட் அண்ணன், ரேமண்ட் அண்ணன், ரேமண்ட் அண்ணன். தங்கமான மனுஷன் என்றுகூட ஒரு தரம் சொன்னேன், இந்தத் தடவை ஆனா போடவில்லை. அந்த டிவிக்காரன் கத்தரிக்கோலை நானே கையில் எடுத்து எல்லாவற்றையும் நறுக்கிச் சுத்தமாக வைத்துவிட்டேன். இப்போது மூடுவதற்குச் சத்தமும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இது முடிந்ததும் விளக்கை அணைப்பார்கள், வயரைச் சுருட்டுவார்கள், தேங்க்ஸ் ஆண்டி என்பார்கள், வண்டி தெரு முனையில் திரும்பும். பிறகு யார் வருவார்கள்? ஒருவரும் வர மாட்டார்கள். நான் செத்தால் ரசிகை செத்துப்போனாள் என்பார்கள்.

"அந்த பேஸ் நான் வாசிச்சது."

என் குரல்தான். அறைக்குள் அது இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. லோகேந்திரன் திடுக்கிட்டு ஹெட்போனைப் பிடித்துக்கொள்கிறான். "ஆண்டி, ஓடிக்கிட்டிருக்கு..." என்று வாயசைக்கிறான். ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா? துர்காஷினி கண்ணைத் திறந்துவிட்டாள், அவனைப் பார்த்துக் கையை மட்டும் காட்டுகிறாள், நிறுத்தாதே என்று. அவளை இன்னமும் நான் நம்பவில்லை. நம்பித்தான் பேச வேண்டும் என்றால் இந்த ஜென்மத்தில் பேச முடியாது. "ரேமண்ட் அண்ணன் தங்கமான மனுஷன் ஒண்ணும் இல்ல. என்னைய பொட்டிக்குப் பின்னால ஒக்கார வெச்சாரு. போட்டோவுக்கு என் பேஸ வாங்கி மாட்டிக்கிட்டாரு. கப்பல் வந்தாச்சு பாட்டுல கேக்குறது என் விரலு. மொத தட்டு ஏன் இல்லன்னு கேட்டியேம்மா? கோவில் ஆர்கன்ல ச கட்ட செத்துப்போச்சு, மிதிச்சா மரச்சத்தம்தான் வரும், அதனால தாண்டித் தாண்டி வாசிச்சேன், அது எனக்குப் பழகிப்போச்சு. அலையும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. நான் ரசிக இல்ல. நான் வாசிச்சவ. என் பேரு ஞானப்பூ." மூச்சு வாங்குகிறது. விரல்கள் முழங்கால்மேல் மறுபடி வாசிக்கின்றன, இந்தத் தடவை மடக்கவில்லை.

பிறகு லோகேந்திரன் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான். அவனுக்கு அவன் வேலை. "சூப்பர் ஆண்டி, எல்லாம் பதிவாயிருச்சு," என்று தயங்கினான். "ஆனா ரூம் சத்தம் கெட்டுப்போச்சு லா. ஒட்டறதுக்கு வேணும். இன்னொரு தடவ மட்டும் பேசாம இருந்துருங்க."

துர்காஷினி என்னைப் பார்த்தாள். நான் அவனைப் பார்த்தேன்.

"வெட்டாம போடுறதா இருந்தா போடுங்க," என்றேன். "ஒட்டறதுக்கு யாரும் பேசாத சத்தம் வேணும்னா பெனடிக்ட் வீட்டுல போயி எடுத்துக்கப்பா. இந்த வீட்டுல இனிமே கெடைக்காது."